பொலித்தீன் கூடாரத்துக்குள் ஒரு படகு: குளிரில் எண்ணெயும் வார்னிஷும்

நுவரெலியா பக்கத்துக் கந்தப்பளையில் ஜனவரி மாதத்திலும் வார்னிஷ் காயும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நான் பூச்சு வேலை செய்த பதினான்கு அடிப் படகு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. மேல்விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் எங்கும் தட்டுவதில்லை. குளிரைச் சமாளிக்க வழி இருக்கிறது. பூச்சைக் கெடுப்பது பிற்பகலில் இறங்கும் ஈரம்தான் என்பது பிடிபட்ட பிறகே வேலை ஒழுங்காக நகர்ந்தது. மலைநாட்டில் மரவேலை செய்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

படகு என் மச்சானுடையது. நோர்வூட் பக்கத்தில் அக்கரைத் தோட்டத்து ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றி இறக்குகிறார். விடுமுறை நாட்களில் சுற்றிப் பார்க்க வருபவர்களையும் ஏற்றுவார். பலாப் பலகைகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறும்படி வைத்து, செப்பாணி அடித்துக் கட்டிய படகு அது. மேல்விளிம்பு சாவண்டலை மரம், இருக்கைப் பலகைகள் மஹோகனி. மரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே இருந்த பூச்சில்தான் குறை. முன்பு யாரோ வீட்டுத் தளபாடங்களுக்கு அடிக்கும் கடினமான லெக்கரை அடித்திருந்தார்கள். படகுப் பலகை நீரில் ஊறி விரியும், கரையில் கிடந்தால் சுருங்கும். அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் லெக்கர் வெடித்து, வெடிப்பு வழியே நீர் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே மரம் கறுத்துப்போயிருந்தது. மழையில் கிடக்கும் மரத்துக்கு எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள, வளைந்துகொடுக்கிற படகு வார்னிஷ்தான் வேண்டும்.

ஏன் ஜனவரி என்று கேட்கலாம். ஹட்டன், நோர்வூட் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அதற்கு முன் வேலை முடிய வேண்டும். என் பட்டறை இருக்கும் கந்தப்பளையில் ஆண்டின் வறண்ட காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் அதற்கும் சற்று மேலே. பகலில் கண் கூசும் வெயில் அடிக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் விடிகாலையில் உருளைக்கிழங்குப் பாத்திகள் பனி பிடித்து வெள்ளையாகக் கிடக்கும். வறட்சி வேண்டுமென்றால் குளிரையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும்.

பழைய பூச்சைக் கழற்றுவதே பெரும் உழைப்பு. தட்டையான இடங்களைச் சாதாரணச் சுரண்டியால் எடுத்தேன். பலகைமேல் பலகை ஏறும் ஓரங்களில் அது நுழையாது. பழைய ஹக்ஸோ பிளேட்டை முறித்து, முனையை அரவையில் பிடித்து வளைவாகத் தீட்டிக்கொண்டேன். அந்தச் சிறு துண்டுதான் பாதி வேலையைச் செய்தது. பிறகு 80 இலக்க அரத்தாள், அடுத்து 120, கடைசியாக 180. எல்லாம் மர ரேகையின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது, வார்னிஷ் பட்டவுடன் பளிச்சென்று தெரியும்.

சாம்பல் நிறத் தோல் போன பிறகு பலா தன் மஞ்சளைக் காட்டத் தொடங்கியது. பிக்குகளின் காவியுடைக்குச் சாயம் எடுத்த மரம் இது. தேய்க்கத் தேய்க்கத் தூள் விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் ஏறி, சவர்க்காரம் போட்டாலும் போகவில்லை. வியர்வை பட்ட இடத்தில் சட்டைக் கைமடிப்பும் மஞ்சளானது. வெயில் படப் பட இந்த மஞ்சள் செம்பழுப்பாக மாறிவிடும் என்பதால், கலர் கலந்த வார்னிஷ் எதுவும் வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

படகின் முன்பக்கமான அணியத்துக்கு அருகே சில இடங்களில் செப்பாணிக்குப் பதிலாக இரும்பாணி அடித்திருந்தார்கள். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் மை போன்ற கறை பிடிக்கும். ஆணிகளைப் பிடுங்கிச் செம்பு அடித்துவிட்டு, ஒரு லீற்றர் சுடுநீரில் 80 கிராம் ஒட்சாலிக் அமிலத்தைக் கரைத்துப் பூசினேன். கறை கண்ணெதிரே வெளிறியது. இது நஞ்சு, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக்கூடாது. காய்ந்த பின் மிஞ்சும் வெள்ளைத் துகளை உலர்ந்த நிலையில் தேய்த்துவிடாமல் நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கழுவிய மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி இல்லை. உள்ளங்கையளவு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி, வெயில் படும் பலகையில் காலையில் வைத்து நண்பகலில் பார்த்தேன். உட்புறம் மூடுபனி படர்ந்தால் மரத்தில் இன்னும் நீர் இருக்கிறது. மேற்பலகைகள் விரைவில் தெளிந்துவிட்டன. படகின் அடிமரமான ஏராவை ஒட்டிய அடிப்பலகை நெடுநாள் எடுத்தது. பொறுத்திருந்தேன். ஈர மரத்தின்மேல் போட்ட பூச்சு எவ்வளவு நல்லதானாலும் உரிந்துவிடும்.

படகின் உட்புறத்துக்கு எண்ணெய், வெளிப்புறத்துக்கு வார்னிஷ் என்று பிரித்துக்கொண்டேன். நீருக்குள் நிற்கும் அடிப்பாகத்துக்கு வழக்கம்போல் பெயின்ட். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உட்புறம் விலாச் சட்டங்களான வங்குகளும் மூலைகளும் நிறைந்தது. வார்னிஷ் அடித்தால் ஒவ்வொரு முறையும் சுரண்ட முடியாது. எண்ணெய் என்றால் துடைத்துவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம். துடுப்புகளின் கைப்பிடிக்கும் எண்ணெய்தான். வார்னிஷ் அடித்த கைப்பிடி உள்ளங்கையைக் கொப்புளமாக்கிவிடும்.

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் வாங்கினேன். காய்ச்சாத பச்சை எண்ணெயை எங்கள் குளிரில் பூசினால் வாரக் கணக்கில் பிசுபிசுக்கும். காய்ச்சியது என்று விற்பதில் உலர்த்தும் உப்புகள் சேர்ந்திருக்கும். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. குளிரில் எண்ணெய் தடித்து மரத்துக்குள் இறங்க மறுத்ததால், எண்ணெய்ப் போத்தலைச் சுடுநீர்ச் சட்டியில் நிறுத்திச் சூடாக்கிய பிறகே டர்பன்டைன் சேர்த்தேன். அடுப்பில் நேராக வைக்கவே கூடாது. பூசி அரை மணி நேரம் ஊறவிட்டு, மரம் குடிக்காமல் மேலே நின்றதைத் துணியால் முழுவதும் துடைத்தெடுத்தேன். இந்தத் துடைப்பைச் சோம்பலில் விட்டால் எண்ணெய் கோந்தாக நின்றுவிடும்.

துடைத்த துணிகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்துதான் காய்கிறது, அப்போது வெப்பம் வெளிவரும். சுருட்டி மூலையில் போட்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். குளிர் ஊர்தானே என்று இருந்துவிடக்கூடாது. ஒவ்வொரு துணியையும் வேலியில் விரித்துக் காயப்போட்டேன். நேரமில்லாத நாட்களில் நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தினேன்.

எண்ணெயைப் பூசியது பட்டறைக்குள். என் பட்டறையின் கிழக்கே குன்று, வெயில் உள்ளே வரவே பதினொரு மணியாகும். இரண்டாம் பூச்சு நாட்கள் கழிந்தும் காயவில்லை. காற்றுப் போகாத அணியத்து மூலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்தது. ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. வினாகிரியால் துடைத்து, காயவைத்து, மெல்லத் தேய்த்துவிட்டு, இருக்கைப் பலகைகளை எல்லாம் கழற்றிக் காற்றோட்டம் கொடுத்த பிறகே அது அடங்கியது.

வார்னிஷையும் அங்கேயேதான் தொடங்கினேன். சரிபாதி டர்பன்டைன் கலந்த முதல் பூச்சு மரத்துக்குள் இறங்கிவிட்டதால் பிரச்சினை தெரியவில்லை. இரண்டாம் பூச்சைப் பிற்பகல் மூன்று மணியளவில் அடித்தேன். பட்டறை அப்போதுதான் நன்றாகச் சூடேறியிருந்தது, அதுவே உகந்த நேரம் என்று பட்டது. மறுநாள் காலையில் மேல்விளிம்பு முழுவதும் பால் தெளித்ததுபோல வெளுத்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது.

அதன் பிறகு வெப்பநிலையும் ஈரப்பதனும் காட்டும் சிறு கருவியொன்றை வாங்கி, அதே நேரத்தில் அளந்து பார்த்தேன். மூன்று மணிக்கு 18 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 80 சதவீதம். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நூறிலிருந்து ஈரப்பதனைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழித்தால் பனிநீர் படியத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ வரும். இங்கே இருபதை ஐந்தால் வகுக்க நான்கு. பதினெட்டில் நான்கு போனால் 14. மரம் 14 பாகைக்குக் குளிர்ந்தால் அதன்மேல் நீர் படியும். ஆறு மணிக்கெல்லாம் இங்கே 14 பாகைக்குக் கீழே போய்விடுகிறது. காயாத வார்னிஷின்மேல் பனிநீர் இறங்கியதால்தான் அந்த வெளுப்பு. பூச்சு வேலைக்குப் பொதுவான விதி, மரம் அந்த எல்லையைவிடக் குறைந்தது மூன்று பாகை சூடாக இருக்க வேண்டும் என்பது. அடிக்கும்போது மட்டும் இருந்தால் போதாது, பூச்சு தொடுகைக்குக் காயும்வரை இருக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருந்த காயும் நேரம் 25 பாகைக்கு உரியது. 18 பாகையில் அதை அப்படியே நம்ப முடியாது.

மண்ணெண்ணெய் ஹீட்டர் வைக்கலாம் என்று மச்சான் சொன்னார். மறுத்துவிட்டேன். டர்பன்டைன் ஆவி நிறைந்த இடத்தில் திறந்த சுவாலை ஆபத்து. அது மட்டுமல்ல, ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிவரும். எதை விரட்ட வேண்டுமோ அதையே பட்டறைக்குள் நிரப்பியிருப்போம்.

வழி பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து வந்தது. அவர் குடைமிளகாய் பயிரிடுகிறவர். பயிரைப் பிடுங்கிவிட்டு அடுத்த நடுகைக்குக் காத்திருந்த பொலித்தீன் கூடாரம் ஒன்று சும்மா கிடந்தது. "தம்பி, உள்ளே கொண்டுபோய் வையுங்கள், பகலில் சட்டை போட முடியாது" என்றார். கருவியை உள்ளே தொங்கவிட்டேன். வெளியே 12 பாகை இருந்த காலை எட்டரைக்கு உள்ளே 21. பத்து மணிக்கு 26. அன்றே படகை ஆட்களோடு தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

கூடாரமும் உடனே சரியாக அமைந்துவிடவில்லை. செடி இல்லாவிட்டாலும் பாத்தி மண் நீரை விட்டுக்கொண்டே இருந்தது. ஸ்ட்ரோபெரி பாத்திக்கு விரிக்கும் கறுப்புப் பொலித்தீனைத் தரை முழுவதும் விரித்து, ஓரங்களில் கல் வைத்தேன். தூசியும் அதோடு அடங்கியது. மண்ணில் நீர் தெளித்துத் தூசியை அடக்குவது இங்கே உதவாது. அது ஈரப்பதனை ஏற்றும்.

அடுத்தது கூரைச் சொட்டு. விடிகாலையில் கூரைப் பொலித்தீனின் உட்புறம் முழுவதும் நீர் முத்துகள் கோத்திருக்கும். வெயில் பட்டதும் அவை சரிந்து, வளைவு கம்பி இருக்கும் இடங்களில் சொட்டும். மூன்றாம் பூச்சின்மேல் வரிசையாகச் சிறு குழிகள் விழுந்தது அப்படித்தான். மூங்கிலை வளைத்துப் படகின்மேல் நட்டு, பழைய பருத்திப் படுக்கை விரிப்புகளை இரண்டு மடிப்பாகச் சரிவாகப் போர்த்தினேன். மேலே பொலித்தீன் போட்டிருந்தால் அதன் அடியிலும் நீர் கோக்கும். துணி சொட்டை உறிஞ்சிக்கொண்டது. இரவில் மரம் சட்டென்று குளிர்வதையும் அது குறைத்தது.

மூன்றாவது சிக்கல் வெப்பம். நண்பகலில் உள்ளே 38 பாகையைத் தாண்டியது. மரம் வேகமாகச் சூடேறும்போது அதன் துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியேறி, ஈர வார்னிஷில் குமிழி விடும். பொதுவாக இதற்குச் சொல்லும் வழி, வெப்பம் இறங்கும் நேரத்தில் அடிப்பது. எங்கள் ஊரில் வெப்பம் இறங்கும் நேரம் என்றால் பனி இறங்கும் நேரம். இரண்டுக்கும் நடுவில் வழி தேடியபோது, அதே அண்ணன் நாற்றுகளுக்குப் போடும் நிழல் வலையை எடுத்துக் கொடுத்தார். பத்தரை மணிக்கு மரம் 24, 25 பாகைக்கு வந்ததும் கூடாரத்தின்மேல் வலையை இழுத்துவிட்டால் வெப்பம் அதே அளவில் நிற்கும். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிக நிறைவு தந்தது அந்த வலைதான்.

பிறகு ஒவ்வொரு பூச்சு நாளும் ஒரே ஒழுங்கில் போனது. எட்டு மணிக்கு இரு பக்கக் கதவுகளையும் திறந்து இரவு ஈரத்தை வெளியே விட்டேன். சொட்டு நின்றதும் ஒரு பக்கத்தை மூடிச் சூடேறவிட்டேன். வெப்பமானியின் முனையைப் பலகையில் டேப் ஒட்டி, காற்றை அல்லாமல் மரத்தை அளந்தேன். மரம் தயாரானதும் துணிப் போர்வையை அகற்றி, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த துணியால் தூசி துடைத்து, பத்தரைக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடித்தேன். டர்பன்டைன் வாடை வெளியேறக் காற்றடிக்காத பக்கக் கதவு பாதி திறந்திருக்கும். மூன்று மணிக்குள் பூச்சு விரல் பின்புறத்தில் ஒட்டாத அளவுக்கு வந்துவிடும். அப்போது துணியைப் போர்த்தி, நான்கு மணிக்குக் கதவுகளை மூடினேன்.

வார்னிஷ் டப்பாவையும் இளஞ்சூட்டு நீர்ப் பேசினில் நிறுத்திக் கொண்டேன். குளிர்ந்த வார்னிஷ் பிரஷைப் பிடித்து இழுக்கும். அதைத் தளர்த்தப் பலர் டர்பன்டைனைக் கூட்டுகிறார்கள். அதனால் படலம் மெலிந்து, இரண்டு பூச்சில் வர வேண்டிய தடிப்புக்கு மூன்று பூச்சு வேண்டிவரும். முதல் பூச்சு சரிபாதி, இரண்டாவதில் கால் பங்கு, மூன்றாவதில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன். நான்கிலிருந்து ஆறு வரை வெறும் வார்னிஷ். டப்பாவைக் குலுக்கவில்லை, குலுக்கினால் உள்ளே போகும் குமிழி பூச்சிலும் வரும். மெல்லக் கிளறி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிச் சிறு கோப்பையில் ஊற்றிக்கொண்டேன்.

இரண்டரை அங்குல முடிப் பிரஷ். குறுக்கே பரப்பி, பின் நெடுக்காக நுனியால் மட்டும் தொட்டு இழுத்தேன். பலகை ஏறும் ஓரங்களில்தான் வார்னிஷ் தேங்கி வடியும். ஒரு பலகை முடிந்ததும் அதன் கீழோரத்தில் காய்ந்த சிறு பிரஷை ஒரு முறை ஓட்டினால் வடிதல் நிற்கும்.

அடுத்த பூச்சுக்குத் தயாரா என்பதை அரத்தாளே சொல்லிவிடும். 320 இலக்கத் தாளை மெல்லத் தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிர வேண்டும். தாளில் சிறு உருண்டைகளாகத் திரண்டு ஒட்டினால் உள்ளே இன்னும் காயவில்லை, இன்னொரு நாள் விட வேண்டும். ஒன்றுவிட்ட நாள் என்ற கணக்கு பெரும்பாலும் சரியாக வந்தது. மேகமூட்டமான நாட்களில் பிரஷைத் தொடவே இல்லை.

செலவுக் கணக்கு இது. வார்னிஷ் மூன்று லீற்றர் 14,400 ரூபாய், அரை லீற்றர் மீந்தது. ஆளிவிதை எண்ணெய் இரண்டு லீற்றர் 5,800. டர்பன்டைன் மூன்று லீற்றர் 3,900. அரத்தாள் எல்லா இலக்கமும் சேர்த்து 4,200. நல்ல பிரஷ் இரண்டு 2,300. இதில் சிக்கனம் பார்த்தால் பூச்சில் முடி உதிரும். ஒட்சாலிக் அமிலம் 900. வெப்ப, ஈரப்பதன் கருவி 1,800. ஆக 33,300. நோர்வூட்டிலிருந்து லொறிக்கு 18,000 தனி. கூடாரத்துக்கு வாடகை வாங்க அண்ணன் சம்மதிக்கவில்லை. அதன் இரண்டு கதவுகளுக்கும் புதுச் சட்டம் அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த முறை எண்ணெய்ப் பூச்சையும் கூடாரத்திலேயே தொடங்குவேன். பூஞ்சணத்தோடு போன நாட்கள் மிஞ்சும். ஈரப்பதன் கருவியை முதல் நாளே வாங்குவேன். இருக்கைகளையும் துடுப்புகளையும் படகோடு சேர்த்து அடிக்காமல் தனியாகக் கழற்றி, கூடாரத்தில் கிடையாக வைத்து அடிப்பேன். கிடையாக அடித்த பலகையில் வடிதலே வராது. துணிப் போர்வையின் மூங்கில் வளைவுகளை இன்னும் ஒரு முழம் உயர்த்துவேன், குனிந்து நுழையும்போது முதுகு துணியில் உரசித் தூசி விழுந்தது.

மச்சானிடம் சொல்லியிருக்கிறேன், பூச்சு வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன், பளபளப்பு மங்கும் நிலையிலேயே 320 தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து இரண்டு பூச்சு கொடுத்தால், மறுபடி சுரண்டும் வேலை இருக்காது. நோர்வூட் எங்களைவிடத் தாழ்வு, குளிரும் குறைவு. மார்ச் மாத வெயிலில் காலை பத்து மணிக்குத் தொடங்கினால் கூடாரம் இல்லாமலே அங்கே முடித்துவிடலாம். மீந்த அரை லீற்றரை டப்பாவிலேயே விட்டால் மேலே தோல் கட்டிவிடும் என்பதால், சிறு போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடி அவரிடம் கொடுத்தனுப்பினேன்.